கவிதா தின்ற பட்டறைச் சுவர்

திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாமல் என்னைத் தனியாக விட்டுப்போன என் ஆசை மச்சான் செல்லையாவுக்கு,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதத் தேவை வரவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒரே பட்டறையில் முதுகு உரச உட்கார்ந்து பெட்டரி பழுது பார்த்தவர்கள் கடிதமா எழுதிக்கொள்வார்கள்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதும் உனக்குத் தெரியும். அல்லது நான் அதைக் கைவிட்டேன். இதில் இரண்டு தரப்புக்கும் இன்றுவரை வருத்தம் கிடையாது. பிழை இருந்தால் சிரித்துக்கொள். உன் சிரிப்பைக் கேட்டு நாளாகிவிட்டது.

இதைக் கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள், நான் யார் மேலோ பெட்டிஷன் எழுதுவதாக நினைத்து எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நாலு பேர் படித்தாலும் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

பயமாக இருக்கிறது மச்சான். அசிட்டை வெறும் விரலால் தொட்டுப் பார்த்துத் தரம் சொன்னவன் நான். இப்போது உள்ளேயிருந்து ஒரு கதவு திறந்தால் எழுதுகிற வரியைப் பாதியில் விட்டு அங்கேயே பார்க்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் நம்ம கவிதா படுத்திருக்கிறாள். என் ஒரே மகள், உன் ஒரே மருமகள். அவள் வயிற்றுப் பிள்ளைக்கு இன்னும் மாதம் நிறையவில்லை. அதற்குள் நேற்றுக் காலை வலி எடுத்துவிட்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ கண்ணை மூடிய மறு வருடம் அவளைத் தெல்தெனியவில் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை கணக்கு வாத்தியார். கணக்குக்கும் எனக்கும் இருந்த பகையைக் கடவுள் இப்படித் தீர்த்துக்கொண்டார். நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டான். ஒருநாள் போன் பண்ணி, "மாமா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க" என்றான். நான் போனை உன் தங்கச்சி லெட்சுமியிடம் கொடுத்துவிட்டு, பின்பக்கம் நம் பட்டறைக்குப் போய் உன்னிடம்தான் முதலில் சொன்னேன். உனக்குக் கேட்டதோ என்னவோ.

பட்டறையை நீ போனதோடு மூடிவிட்டேன். தனியாக ஈயம் உருக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கொட்டகை அப்படியேதான் நின்றது. நாம் இரண்டு பேரும் மண் மிதித்து எழுப்பிய சுவர், நம் அடுப்பு, நம் இரும்புச் சட்டி எல்லாம் இருந்தன. பெட்டரியின் கறுப்புப் பெட்டிகளை வீசவும் மனம் வரவில்லை. லெட்சுமி அதில் மண் போட்டு வல்லாரையும் கறிவேப்பிலையும் வளர்த்தாள். கலகெதர வீதியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு செழிப்பு.

ஏழாம் மாதம் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. அன்றைக்குச் செய்த சோற்று வகை எல்லாமே உன் பொஞ்சாதி பார்வதி கை. விடிவதற்குள் ஹந்தானை மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். ஆனால் வளையல் போடுகிற நேரம் வந்தபோது அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. பிள்ளை பெறாதவள், போதாக்குறைக்குத் தாலி அறுத்தவள். அவள் கை பட்டால் ஆகாது என்று நம் ஆட்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சுற்றி நின்று வழியை மறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அவள் வடைச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள். நானும் அவளைப் பார்த்தபடி நின்றேன். பிறகு போய், அவள் செய்த புளிச்சோற்றை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். என் வீரம் அந்த அளவுக்குத்தான்.

வளைகாப்பு முடிந்து கவிதாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், அதில் நமக்கு மறுபேச்சு ஏது? பின்பக்க அறைக்கு வெள்ளை அடித்துக் கட்டில் போட்டேன். ஜன்னலைத் திறந்தால் பட்டறை தெரியும். நல்ல காற்று வரும் என்று பெருமையாகச் சொன்னேன். என்ன காற்று என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வந்த இரண்டொரு நாளில் நல்ல மழை. மழை விட்டதும் கவிதா ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு மோப்பம் பிடித்தாள்.

"அப்பா, நம்ம பட்டறைச் சுவத்துலருந்து ஒரு வாசம் வருது. வாயில தண்ணியா ஊறுது."

"மண்ணு கேக்குதாடி?" என்று லெட்சுமி சிரித்தாள். "ஒன்ன வயித்துல வச்சிருக்கயில நான் அடுப்புமண்ணு தின்னவ. எங்க போவும் அந்தப் புத்தி."

"என் பேரப்புள்ள இப்பவே சொத்துல பங்கு கேக்குது" என்றேன் நான். "செவத்துலருந்து ஆரம்பிக்குது, பாரு."

எல்லாரும் சிரித்தோம். பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காமல் இருக்கலாமா? நானே எழுந்து போனேன். மற்றப் பக்கச் சுவர் மழைச் சாரலில் ஊறியிருந்தது. அடுப்புப் பக்கச் சுவர்தான் வருடக்கணக்கில் புகை குடித்து, வெந்து, பிஸ்கட் மாதிரி மொறுமொறு என்று இருந்தது. தேடிப் பார்த்து அதிலிருந்துதான் உடைத்தேன் மச்சான். நல்ல துண்டாகப் பார்த்து உடைத்தேன். "ஒங்க மாமா கட்டின செவரு, தின்னு" என்று அவள் கையில் வைத்தேன். கறுக் கறுக்கென்று கடித்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதற்குப் பிறகு தினமும் கேட்டாள், தினமும் கொடுத்தேன். மார்க்கட்டுக்குப் போய்வருகிற அப்பன் மாதிரி.

சில நாள் கழித்து மிட்வைஃப் மிஸ்ஸி கவிதாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். சிங்களப் பிள்ளை. தமிழ் கொஞ்சம் தடுக்கி வரும், ஆனால் சிரித்த முகம். பிரஷர் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பிறகு ஜன்னல் கட்டையில் சாஸரில் இருந்த மண் துண்டைப் பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி?"

கவிதா வெட்கத்தோடு என்னைப் பார்த்தாள். "ஆசைக்கு ஒரு துண்டு கடிக்கிறா மிஸ்ஸி" என்றேன். "கடை மண்ணு இல்ல, நம்ம சொந்தச் செவரு" என்று கையையும் நீட்டிக் காட்டினேன்.

அவர் ஜன்னல் வழியாகப் பட்டறையைப் பார்த்தார். கறுப்புப் பெட்டிகளைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஐயா, அங்க என்ன வேலை செஞ்சது?"

"பெட்டரி வேலை மிஸ்ஸி. ஈயம் உருக்கி வார்க்கிறது. இப்ப மூடியாச்சு."

"எனக்குச் சரியாத் தெரியாது" என்றார் மெதுவாக. "ஆனா இது நல்லம் இல்ல. நாளைக்கே கிளினிக் வாங்க. டொக்டர் பாக்கணும். தங்கச்சி இனி இந்த மண் வேணாம். அந்தக் கீரையும் வேணாம்." வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, "ஜன்னலும் மூடுங்க" என்றார்.

அந்த ஜன்னலை நான் மூடியபோதுதான் முதல் தடவை பயந்தேன்.

மறுநாள் எல்லோருமாகப் போனோம். லெட்சுமி பயந்ததால் துணைக்குப் பார்வதியையும் வரச் சொல்லியிருந்தோம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர் டொக்டர், வயது கவிதாவை விடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஐயா, இவ சின்னப் பிள்ளையா இருக்கேக்கையும் நீங்கள் அங்கைதான் ஈயம் உருக்கினனீங்களோ?"

"ஆமாங்க. பட்டறையிலதான் தவழ்ந்தா. எங்க மடியிலதான் தூங்கினா."

உனக்கு நினைவிருக்கிறதா, பெரஹராவில் யானை பார்த்துவிட்டு வந்து அவள் அழுதபோது நீ ஈயத்தில் ஒரு சின்ன யானை வார்த்துக் கொடுத்தாயே? கடைவாய்ப் பல் முளைக்கிற காலத்தில் அவள் அதன் தும்பிக்கையைத்தான் கடித்துக்கொண்டிருப்பாள். அதையும் டொக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"சின்னனிலை உடம்புக்கை போற ஈயம் எலும்பிலை போய் இருந்திடும். வருசக்கணக்கிலை அங்கைதான் கிடக்கும். பிள்ளை வயித்திலை வந்த உடனை, பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்துக் குடுக்கத் தாயின்ரை எலும்பு கரையும். அப்ப அந்த ஈயமும் ரத்தத்திலை கலந்து பிள்ளையிட்டைப் போகும். இப்ப மேலதிகமா இந்த மண்ணும்."

"போனா என்னங்க ஆகும்?"

"சிலருக்குக் கரு கலையும். சிலருக்கு மாசம் நிறைய முன்னம் பிறக்கும், நிறை குறைவா இருக்கும். பிள்ளையின்ரை மூளை வளர்ச்சியையும் பாதிக்கலாம். எல்லாருக்கும் அப்பிடி எண்டில்லை. முதல்லை ரத்தத்தைச் சோதிப்பம்." பிறகு லெட்சுமி பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கு எப்பவாவது கலைஞ்சதோ?"

லெட்சுமி தரையைப் பார்த்துச் சொன்னாள். "இவளுக்கு முந்தி ஒண்ணு. பிந்தி ஒண்ணு."

அவள் ஒருநாளும் பட்டறைக்குள் வேலை செய்யவில்லை. ஆனால் நம் சாரத்தையும் சட்டையையும் யார் உதறினார்கள், யார் துவைத்தார்கள்? அசிட் தின்ற ஓட்டைச் சட்டையோடு பஸ்ஸில் ஏறினால் பொம்பளைகள் சிரிக்கிறார்கள் என்று நீயும் தினமும் நம் வீட்டிலேயே குளித்து, உடுப்பு மாற்றி, வேலை உடுப்பை அவளிடம் போட்டுவிட்டுத்தானே மலை ஏறினாய்? அவள் இரண்டு பேர் தூசியையும் சேர்த்துத் துவைத்தாள். கலைந்ததற்குக் கண்ணேறு என்று சொன்னோம். எலுமிச்சம்பழம் வெட்டிக் கழித்தோம்.

"பட்டறையிலை உங்களோடை வேறை ஆர் வேலை செய்தது?" என்று டொக்டர் கேட்டார்.

"என் மச்சான். அவரு இப்ப இல்லீங்க. இவங்க வீட்டுக்காரரு."

"அவைக்குப் பிள்ளையள்?"

பார்வதிதான் சொன்னாள், பழகிய வாயால். "இல்லீங்க. எனக்குத்தான் குடுத்து வைக்கல."

"அவரைச் சோதிச்சுப் பாத்தவையோ?"

"அவரயா?" பார்வதிக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அவருக்கு என்னாங்க, நல்லா கல்லு மாதிரித்தானே இருந்தாரு."

டொக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டார். "அம்மா, இந்த ஈயம் ஆம்பிளையளின்ரை விந்தையும் கெடுக்கும். உங்கடை அவருக்கு அதுதான் நடந்தது எண்டு இப்ப என்னாலை சொல்லேலாது. ஆனா அவரைச் சோதிக்காமல் உங்களிலைதான் பிழை எண்டு ஒருத்தரும் சொல்லியிருக்கக் கூடாது."

பார்வதி தலையை ஆட்டினாள். கவிதாவின் கையிலிருந்து ரத்தம் எடுக்கும்போது அவள் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். ரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும், முடிவு வரச் சில நாள் ஆகும் என்றார்கள்.

ஆட்டோவில் வரும்போது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசல். அங்கே நின்றபோது பார்வதி ஆற்றைப் பார்த்தபடி சொன்னாள்.

"அண்ணே, சாமிகிட்ட எல்லாம் கூட்டிப் போனாரு. பரியாரிகிட்ட கூட்டிப் போனாரு. அவங்க குடுத்த கசாயமெல்லாம் நாந்தான் குடிச்சேன். ஒரு நாளு, 'எனக்கும் பாருங்க'ன்னு அவரு சொல்லியிருக்கலாமில்ல?"

உன் பக்கம் பேசலாம் என்று வாயைத் திறந்தேன் மச்சான். உனக்காக எத்தனை இடத்தில் பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. நமக்குத் தெரியாதே என்று சொல்லலாம். ஈயத்தைப் பற்றித் தெரியாது, சரி. பிள்ளை பிறக்க ஆம்பளையும் வேண்டும் என்பதுமா தெரியாது?

அடுத்த கேள்வி, கவிதாவை எங்கே வைப்பது என்பது. அந்த வீட்டில் இருக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்குத் திரும்ப அனுப்பலாம் என்று தெல்தெனியவுக்குப் போன் போட்டேன். சம்பந்தியம்மா நல்ல மனுஷிதான். ஆனாலும், "தலைப்பிரசவத்துக்குக் கூட்டிப்போன புள்ளய நடுவுல திருப்பி அனுப்பினா, ஊரு என்னமோ ஏதோன்னு பேசுமே சம்பந்தி" என்று இழுத்தார். லெட்சுமி மூலையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் லாட்ஜில் அறை எடுக்கலாமா என்று கேட்டு எல்லாரிடமும் திட்டு வாங்கினேன்.

கவிதாதான் சொன்னாள். "நான் அத்தை வீட்டுக்குப் போறேன்."

லெட்சுமி என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். பார்வதி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

"நான் தொட்டா ஆகாதுன்னு வளையல் போடக் கூப்பிடல. சரி, நானும் வரல" என்றாள் லெட்சுமியிடம். குரலை உயர்த்தவில்லை. "எது ஆகாதுன்னு இப்பத் தெரிஞ்சிருச்சில்ல? புள்ளயோட துணிய எடுத்து வையி. இங்க இருந்து பழசு ஒண்ணும் வேணாம், எல்லாம் நல்லா அலசினதா இருக்கணும்."

"அண்ணி" என்று லெட்சுமி அவள் கையைப் பிடித்தாள். பார்வதி கையை உருவவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

அப்படித்தான் உன் மருமகள் ஹந்தானைக்குப் போனாள். தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே நீ கட்டிய அந்த ஒற்றை அறையில் படுத்தாள். எட்டிப் பார்த்தால் தேயிலையும் பனியும்தான். நான் பார்க்கப் போனால் வாசலிலேயே பார்வதி நிறுத்துவாள். "அண்ணே, குளிச்சீங்களா? செருப்ப வெளியில விடுங்க. அந்தச் சட்டை எங்க காய்ஞ்சது?" பொலிஸ் கூட இத்தனை கேட்காது. கீரை, முட்டை, பால், டொக்டர் தந்த மாத்திரை என்று வேளை தவறாமல் கொடுத்தாள். மண் கேட்டு கவிதா அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து, வறுத்த அரிசியைக் கையில் கொடுத்து, அந்தக் கள்ள ஆசை போகும்வரை கதை சொல்லிக்கொண்டிருப்பாள். நான் கீழே இறங்கும்போது இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதுகொண்டே இறங்கிய ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன்.

முடிவு வந்தது. இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது என்றார் டொக்டர். மண்ணை நிறுத்தியாயிற்று, வீட்டை மாற்றியாயிற்று, இனிக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டும், திரும்பவும் சோதிப்போம் என்றார். பிள்ளை கொஞ்சம் சிறிசு, ஆனால் இருதயம் நன்றாக அடிக்கிறது என்றார். "பொறந்தா நல்லா இருக்குமாங்க?" என்று கேட்டேன். "இப்ப சொல்லேலாது ஐயா" என்றார். பொய் சொல்லாத பிள்ளை. ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் தூங்கியிருப்பேன்.

நானும் ரத்தம் கொடுத்தேன். இந்த வயதில் எதற்கு என்று லெட்சுமி கேட்டாள். இனிமேல் நான் என்ன பிள்ளையா பெறப்போகிறேன்? ஆனால் பாலத்தில் வைத்துப் பார்வதி சொன்னது காதை விட்டுப் போகவில்லை. ஒரு ஆம்பளையாவது கையை நீட்டி, எனக்கும் பாருங்கள் என்று சொல்லட்டுமே என்று போனேன். ஊசியைப் பார்த்ததும் மயக்கம் வந்து நர்ஸ் மேலேயே சாய்ந்தது வேறு கதை. என் ரத்தத்திலும் இருக்கிறது. என்னைத் தட்டினால் மணி மாதிரிக் கேட்கும் போலிருக்கிறது.

பட்டறையை இடித்துத் தள்ளக் கடப்பாரையோடு போனேன். சுகாதாரப் பரிசோதகர் வந்து தடுத்துவிட்டார். உடைத்தால் தூசி ஊரெல்லாம் பரவுமாம், அதற்கென்று முறை இருக்கிறதாம். இப்போது அதை பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் கட்டியிருக்கிறோம். வீட்டை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்குவதில்லை, ஈரத் துணியால் துடைக்கிறோம். கறுப்புப் பெட்டிகள் எல்லாம் ஓரிடத்தில் மூடிக் கிடக்கின்றன. செழிப்பாக இருந்த வல்லாரையை லெட்சுமியே வேரோடு பிடுங்கினாள்.

நம் பழைய சட்டியை விலைக்குக் கேட்டானே ஒரு பையன், கலகெதரப் பக்கம், அவன் இப்போது சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கிறான். போன கிழமை அவனிடம் போய்ச் சொன்னேன். வாயை மூடிக் கட்ட ஒரு துணி கூட இல்லாமல் உருக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வேலை முடிஞ்சா ரெண்டு வாழைப்பழம் சாப்பிடுறேன். எல்லாத்தையும் அது இறக்கிரும்" என்றான்.

யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. நாமும் கையைக் கூடக் கழுவாமல் அதே பழத்தைத்தானே உரித்துத் தின்றோம். அவன் பொஞ்சாதி பிளேன்டீ கொண்டு வந்து வைத்தாள். கட்டிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. அவள் உள்ளே போனதும் அவன் குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒண்ணும் தங்கல அண்ணே. அவளுக்காகக் கோயிலுக்கு ஒரு நேத்தி வச்சிருக்கு" என்றான்.

"நேத்திய அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். "மொதல்ல ஒன் ரத்தத்தக் குடு. ஒன்னோடதையும் பாக்கச் சொல்லு. அவளுக்கு இந்தத் துணியத் துவைக்கக் குடுக்காத."

அவன் சிரித்தான். நாமும் சிரித்திருப்போம். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் இதை எழுதி எங்காவது அச்சில் வரச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. பெட்டரி உருக்குகிறவன், வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கிறவன், தோட்டத்தில் மருந்து தெளிக்கிறவன், யாராவது ஒருவன் படித்துவிட்டு வீட்டுக்குள் நுழையும் முன் சட்டையைக் கழற்றினால் போதும்.

நேற்றுக் காலை பார்வதி போன் பண்ணினாள். "அண்ணே, புள்ளைக்கு இடுப்பு வலிக்குதாம். தண்ணி மாதிரி வேற போகுது. வண்டியோட வாங்க." மலையிலிருந்து அவளை இறக்கிக்கொண்டு வந்த வழியில் ஒவ்வொரு வளைவிலும் கவிதா, "அப்பா, சீக்கிரம் பொறந்தா செத்துருமாப்பா?" என்று கேட்டாள். டொக்டர் மாதிரி, இப்ப சொல்லேலாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. "ஒங்க மாமாவே மாசம் நிறையாமப் பொறந்தவருதான். எரும மாதிரி வளரலயா?" என்றேன். உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது. நீ கோவிக்க மாட்டாய்.

வலியை நிறுத்த மருந்து கொடுத்தார்கள். இரவு நின்றிருந்தது. இன்று காலை திரும்ப வந்துவிட்டது. இனி நிறுத்த முடியாது, பிறக்கட்டும், சிறிய பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர்களும் தயாராக நிற்கிறார்கள் என்றார்கள். மாப்பிள்ளை தெல்தெனியவிலிருந்து வந்து, ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

கொஞ்சம் முன்னால் நர்ஸ் வெளியே வந்தார். "கவிதாவோட அம்மா யாரு? ஒரு ஆள் மட்டும் பக்கத்துல இருக்கலாம்."

லெட்சுமி எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றுவிட்டாள். திரும்பிப் பார்வதியைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க போங்க."

"என்னா பேசுற? நீ பெத்தவ."

"நான் ரெண்டத் தொலைச்சவ அண்ணி. இந்த நேரத்துல நான் பக்கத்துல நிக்கப் பயமா இருக்கு. நீங்க போங்க. ஒங்க கையத்தான் அவ தேடுவா."

பார்வதி அவளை ஒரு கணம் பார்த்தாள். "பைத்தியம். தொலைச்சது நீயில்ல" என்றாள். லெட்சுமியின் கன்னத்தைத் தொட்டாள், உன் தங்கச்சியை அவள் அப்படித் தொட்டு நான் பார்த்ததே இல்லை. பிறகு நர்ஸிடம் திரும்பினாள்.

"நாந்தான் அம்மா. வாங்க போவோம்."

கதவு மூடிவிட்டது மச்சான். அதற்குப் பிறகு இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு சத்தமும் வரவில்லை. லெட்சுமி என் தோளில் சாய்ந்திருக்கிறாள். அவள் நடுக்கத்தில் என் எழுத்து கோணலாகிறது, நேராக இருந்ததுபோல நான் பழியை அவள் மேல் போடுகிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பிள்ளை அழுதாலும் அழாவிட்டாலும், நல்லபடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உனக்கு மறைக்காமல் சொல்வேன். இருந்தால், பேர் வைக்கிற அன்று சாதிசனம் எல்லாம் கூடியிருக்கும்போது பார்வதியைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வைப்பேன். பிள்ளை இல்லாததற்கு இவள்தான் காரணம் என்று இத்தனை காலம் பேசினீர்கள், அது நாங்கள் உருக்கிய ஈயமாகவும் இருக்கலாம், சோதித்துப் பார்க்க எங்களுக்குத்தான் தைரியம் வரவில்லை என்று உன் பேரையும் சேர்த்துச் சொல்வேன். உனக்கு வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். அவள் பட்டதில் பாதியாவது நாம் பட வேண்டாமா?

கதவு திறக்கிறது. யாரோ வருகிறார்கள். நானும் எழுகிறேன். இப்போது மட்டும் கொஞ்சம் பக்கத்தில் நில்லு.

உன் தங்கச்சியைக் கட்டியவன், உன் பொஞ்சாதிக்கு அண்ணன்,
உன் மருமகளைப் பெற்ற
மாணிக்கம்